கட்டிய பல்லும் காக்க வேண்டிய பல்லும்



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றைத்தான் பலரும் நினைக்கிறார்கள். "பல்லுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. வாயில் வலி உள்ள தாய் வயிறாரச் சாப்பிட மாட்டாள். கீரையும் களியும் இறங்காது. கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவாள். அவள் உடம்பில் இரத்தம் எப்படி ஊறும்? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும், மடியில் இருக்கும் பிள்ளைக்கும் அது குறைதானே? வீட்டில் ஒருவருக்குப் பல் வலி வந்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆகவே இன்றைய பேச்சு பல்லைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, பல் கட்டிக்கொண்டவர்களுக்கானது.

நம் கொல்லிமலையிலிருந்தும் மக்கள் சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று போய்ப் பல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். காரவள்ளிப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், மறுபடி எழுபது வளைவு ஏற வேண்டும். ஒரு தடவையோடு முடிகிற வேலையும் இல்லை. அளவெடுக்க ஒரு நாள், பொருத்திப் பார்க்க ஒரு நாள், ஒட்ட ஒரு நாள். அன்றைய கூலி போகிறது; பஸ் செலவு, டாக்டர் செலவு வேறு. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பல், சில வருஷத்திலேயே ஆட்டம் கண்டு கழன்று வந்தால் மனசு என்ன பாடுபடும்? அப்படிக் கழலாமல் காப்பது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பாலம் என்றால் என்ன?

பல் கட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கழற்றி மாட்டும் பல் செட். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பது. மற்றொன்று, கழற்ற முடியாதபடி ஒட்டி வைப்பது. இதைத்தான் டாக்டர்கள் 'பிரிட்ஜ்' என்கிறார்கள். நம் தமிழில் பல் பாலம் என்று சொல்லலாம்.

நடுவில் ஒரு பல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு பல், பின்னால் ஒரு பல் இருக்கிறது. டாக்டர் அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் கொஞ்சம் இழைத்துச் சிறிதாக்குகிறார். பிறகு மூன்று பற்களை ஒன்றாக இணைத்துச் செய்த ஒரு துண்டைக் கொண்டுவந்து, முன் பல்லுக்கும் பின் பல்லுக்கும் தொப்பி போட்டதுபோல மாட்டி, சிமென்ட்டு வைத்து ஒட்டுகிறார். நடுவில் இருக்கும் போலிப் பல் ஈறின் மேல் உட்கார்ந்ததுபோல இருக்கும். ஆனால் அதற்கு வேர் கிடையாது. பாரத்தையெல்லாம் சுமப்பது இரண்டு பக்கத்துப் பற்கள்தான். இவற்றைத் தாங்கு பற்கள் என்று சொல்வோம்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. இத்தாலி நாட்டில் எட்ருஸ்கர் என்ற பழங்குடியினர் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொன் பட்டையால் பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று உலோகத்திலும் பீங்கானிலும் செய்கிறார்கள். பொருள் மாறிவிட்டதே தவிர, பக்கத்துப் பல்லை நம்பித்தான் பாலம் நிற்கிறது என்ற சங்கதி மாறவில்லை.

அரிப்பது பாலத்தை அல்ல, கரையை

"பீங்கான் பல்லுக்குச் சொத்தை வருமா?" என்று கேட்டால், வராது என்பதுதான் பதில். பீங்கானைக் கிருமி தின்னாது, உலோகத்தையும் தின்னாது. இதைக் கேட்டுத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். "கட்டின பல்லுக்குத்தான் ஒன்றும் ஆகாதே, பிறகு எதுக்குத் தேய்க்கணும்?" என்று அந்தப் பக்கமே பிரஷ்ஷைக் கொண்டுபோவதில்லை.

மழைக்காலத்தில் நம் மலை ஓடைகளைப் பார்த்திருப்பீர்கள். பாலத்தின் மேல் தளம் கல்லுமாதிரி நிற்கும். வெள்ளம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பாலம் எந்தக் கரையில் ஊன்றியிருக்கிறதோ, அந்தக் கரை மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு நாள் கரை உட்காரும்போது பாலமும் சாயும். வாயிலும் இதே கதைதான். தொப்பி போட்ட பல்லுக்குத் தொப்பி முழுக் காவல் அல்ல. தொப்பி எங்கே முடிகிறதோ, அந்த விளிம்புக்குக் கீழே உங்கள் சொந்தப் பல் இருக்கிறது. ஈறை ஒட்டிய அந்த ஓரத்தில்தான் சொத்தை பிடிக்கும். அங்கிருந்து தொப்பிக்கு உள்ளே புகுந்துவிடும்.

பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2004-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பத்து ஆண்டு முடிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பாலங்கள் வாயில் நிலைத்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குத் தாங்கு பற்களில் சொத்தை கண்டிருந்தது. எனவே, ஒழுங்காகக் கவனித்தால் பாலம் நெடுநாள் உழைக்கும். கவனிக்காவிட்டால் சொத்தை அதன் காலை வாரிவிடும்.

அப்படி வாரிவிட்டால் நஷ்டம் ஒரு பல்லோடு நிற்காது. முதலில் போனது ஒரு பல். இப்போது தாங்கு பல் ஒன்றும் போனால் இடைவெளி இரண்டு பல் அளவு. அடுத்த பாலத்துக்கு இன்னும் தள்ளியுள்ள நல்ல பல்லை இழைக்க வேண்டும். செலவும் கூடும், பாரமும் கூடும். சில பேருக்கு மறுபடி பாலம் கட்டவே வழியில்லாமல் போய்விடும்.

சொத்தை எப்படி வருகிறது?

பல்லில் புழு இருக்கிறது என்று நம் பெரியவர்கள் நம்பினார்கள். சந்தையில் உட்கார்ந்து காதிலும் வாயிலும் புகை பிடித்துப் புழு எடுத்துக் காட்டுகிறவர்களும் இருந்தார்கள். உலகம் முழுவதுமே இப்படித்தான் நம்பியது. பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு பல் மருத்துவர் 1728-இல் எழுதிய நூலில், தாம் தேடிப் பார்த்தும் அப்படிப் புழு எதையும் காணவில்லை என்று சொன்னார். பிறகு 1890-இல் மில்லர் என்ற அமெரிக்கர், வாயில் உள்ள கிருமிகள் இனிப்பையும் மாவையும் புளிக்கச் செய்து அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார்.

நம் வீட்டு மாவு புளிக்கிறதே, அதுபோலத்தான். பல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். காலையில் நாக்கால் தடவிப் பார்த்தால் தெரியும். அது முழுக்கக் கிருமிக் கூட்டம். நீங்கள் இனிப்பு சாப்பிட்டவுடன் அதுவும் சாப்பிட்டு, சில நிமிஷங்களில் அமிலத்தைக் கக்கும். பிறகு எச்சில் ஊறி அந்த அமிலத்தை முறித்து, பல்லுக்குப் போன சத்தைத் திரும்பக் கொடுக்கும். இதற்கு அரை மணி நேரம்போல ஆகும். சில சமயம் இன்னும் கூடுதலாகவும் ஆகும். வாய்க்குள் ஓயாமல் நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது. கரைவது அதிகமாகி, திரும்பக் கிடைப்பது குறைந்தால் பல்லில் குழி விழும்.

இப்போது பாலத்துக்கு வாருங்கள். போலிப் பல்லின் அடியிலும் தொப்பி விளிம்பிலும் படலம் தங்குவதற்கு நல்ல ஒதுக்குப்புறம் கிடைக்கிறது. நாக்கு அங்கே போகாது. எச்சில் நன்றாக ஓடாது. மூன்று பல்லும் ஒரே துண்டாக இருப்பதால் இடுக்கில் மேலிருந்து நூல் விடவும் முடியாது. வயதாக ஆக ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு மேற்பல்லைப் போலக் கெட்டியான எனாமல் இல்லை. அது இன்னும் சீக்கிரம் கரையும். ஆகவேதான் பல் கட்டியவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறோம்.

எத்தனை இனிப்பு அல்ல, எத்தனை தடவை

நம் மலையில் காபி விளைகிறது, பலா, வாழை, அன்னாசி விளைகின்றன, தேன் கிடைக்கிறது. இவற்றைச் சாப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எப்போது, எத்தனை தடவை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் ஒரு காபி. வேலைக்குப் போனதும் ஒரு டீ. பதினோரு மணிக்கு ஒன்று. மூன்று மணிக்கு ஒன்று. மாலையில் ஒன்று. படுக்கும் முன் ஒன்று. ஆறு தடவை சர்க்கரை போட்டுக் குடித்தால், தடவைக்கு அரை மணி என்றாலும் மூன்று மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. நடுவில் மிட்டாயோ பிஸ்கட்டோ மென்றால் அது தனிக் கணக்கு. அதே சர்க்கரையைச் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வேளையில் முடித்துக்கொண்டால் பல்லுக்கு ஓய்வு கிடைக்கும்.

"நாங்க வெள்ளைச் சர்க்கரை தொடுறதில்லை, வெல்லமும் தேனும்தான்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கிருமிக்கு அந்த வேற்றுமை தெரியாது. வெல்லமும் தேனும் அதற்கு இனிப்புத்தான். வாழைப்பழமும் மரவள்ளிக் கிழங்கும் அப்பிக்கொள்கிற பொருள்கள். பாலத்து இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாப்பிட்டதும் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, கன்னம் உப்ப நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள். நடுவில் பசித்தால் வேர்க்கடலை, மோர், சுண்டல் நல்லது. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்ட பழைய பழக்கத்தை விடாதீர்கள். சர்க்கரைப் பானமும் மிட்டாயும் பைக்குள் வந்த பிறகுதான் பிள்ளைகளின் பல்லுக்குக் கேடு வந்தது.

ஒரு நாளில் செய்ய வேண்டியவை

முதலாவது, இரண்டு வேளை பல் துலக்குவது. காலையில் எல்லோரும் துலக்குகிறோம். இரவில் துலக்குவதுதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். காவல்காரன் தூங்குகிற நேரத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம். இரவு சாப்பாடு முடிந்து துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் போடக் கூடாது.

மென்மையான பிரஷ்ஷை வாங்குங்கள். பாலம் உள்ள பக்கத்தில் பிரஷ்ஷின் முடி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். தொப்பி முடியும் விளிம்புதான் குறி. வெளிப்பக்கம் முடிந்ததும் நாக்குப் பக்கம். மொத்தம் இரண்டு நிமிஷம். அழுத்தித் தேய்த்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். அழுத்தினால் ஈறு இறங்கும்.

இரண்டாவது, ஃபுளோரைடு உள்ள பற்பசை. ஃபுளோரைடு, கரைந்த பல்லை மீண்டும் கெட்டிப்படுத்த உதவுகிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டுங்கள். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தெல்லாம் போய்விடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை போதும்.

மூன்றாவது, பாலத்தின் அடியைச் சுத்தம் செய்வது. இதுதான் பலருக்கும் தெரியாத வேலை. மருந்துக் கடையில் பாலத்துக்கென்றே நூல் விற்கிறார்கள். ஒரு முனை விறைப்பாக ஊசி போல இருக்கும். நடுப்பகுதி பஞ்சு போலத் தடிப்பாக இருக்கும். கண்ணாடி முன் நின்றுகொண்டு, விறைப்பான முனையை வெளிப்பக்கத்திலிருந்து போலிப் பல்லுக்கும் தாங்கு பல்லுக்கும் இடையே ஈறோரமாக நுழைத்து, நாக்குப் பக்கமாக இழுங்கள். பஞ்சுப் பகுதி பாலத்தின் அடியில் வந்ததும், முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். போலிப் பல்லின் வயிற்றைத் துடையுங்கள். பிறகு தாங்கு பல்லின் பக்கவாட்டை அணைத்தாற்போல் மேலும் கீழும் துடையுங்கள். மறுபக்கத் தாங்கு பல்லுக்கும் அப்படியே. முடிந்ததும் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவிக்கொள்ளுங்கள். மேல்நோக்கிப் பிடுங்கக் கூடாது.

முதல் வாரம் கை பழகாது. "இது நமக்கு ஆவாது" என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பத்து நாளில் இரண்டு நிமிஷ வேலையாகிவிடும். இடைவெளி அகலமாக உள்ளவர்களுக்குச் சின்ன இடுக்குப் பிரஷ் இருக்கிறது. எந்த அளவு பொருந்தும் என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். ஊக்கு, குண்டூசி, துடைப்பக் குச்சி, தையல் ஊசி இவற்றைக் கொண்டு குத்துவது கூடவே கூடாது. ஈறு கிழியும், சீழ் பிடிக்கும்.

முதல் சில நாள் நூல் விடும்போது இரத்தம் கசியலாம். பயந்து நிறுத்தாதீர்கள். அழுக்குச் சேர்ந்து வீங்கிய ஈறுதான் கசிகிறது. சுத்தம் செய்யச் செய்ய ஓரிரு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குச்சியும் கரியும்

ஆலங்குச்சி, வேலங்குச்சியின் பெருமையைப் பழமொழியே சொல்கிறது. வேப்பங்குச்சியை நன்றாக மென்று பூப்போலச் செய்து தேய்த்தால் பல்லின் வெளிப்புறம் சுத்தமாகும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குச்சி பாலத்தின் அடியில் போகாது. பழமொழி சொன்ன காலத்தில் பாலமும் இல்லை, கடைத்தெருவில் இத்தனை மிட்டாயும் இல்லை. குச்சியை விட மனம் இல்லாதவர்கள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பசையும் நூலும் வேண்டும்.

அடுப்புக் கரி, சாம்பல், செங்கல் தூள், மணல் இவற்றால் தேய்ப்பதை நிறுத்துங்கள். அவை பல்லையும் வேரையும் அரம்போல அராவிவிடும். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசைக்கு 1992-லேயே அரசு தடை விதித்துவிட்டது. புகையிலைத் தூளை ஈறில் அப்பினால் வலி மரத்துப்போகும்; நோய் போகாது. ஈறு கீழிறங்கும், தாங்கு பல் ஆடும், வாய்ப்புற்றுக்கும் அது வழி. வெற்றிலையோடு போடும் பாக்கும் புற்றுக்குக் காரணமே. இவற்றை ஒரேயடியாக விடுவதுதான் நல்லது.

கட்டிய பல்லால் எலும்பைக் கடிப்பது, கரும்பைக் கிழிப்பது, பாக்கை உடைப்பது, பாட்டில் மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். பீங்கான் தெறிக்கும்; ஒட்டிய சிமென்ட்டு விட்டுப்போகும். சிமென்ட்டு விட்ட இடத்தில் சொத்தை நுழையும்.

வலிக்கவில்லையே என்று இருக்காதீர்கள்

பாலம் கட்டும்போது பல பேருக்குத் தாங்கு பல்லில் வேர் சிகிச்சை செய்திருப்பார்கள். அதாவது உள்ளே இருக்கும் நரம்பை எடுத்திருப்பார்கள். நரம்பு இல்லாத பல்லுக்கு வலி தெரியாது. உள்ளே முழுக்கச் சொத்தையானாலும் அது வாய் திறந்து சொல்லாது. ஆகவே வலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது மோசம் போகிற வழி. கீழே சொல்லும் அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் டாக்டரிடம் போங்கள்.

பாலத்துப் பக்கம் கெட்ட வாடை அல்லது ஒருவித உப்புச் சுவை. முன்பு சிக்காத இடத்தில் இப்போது உணவு சிக்குவது. நூல் பிய்ந்து பிய்ந்து வருவது. தொப்பி விளிம்பில் கறுப்பாகவோ பழுப்பாகவோ கோடு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். ஈறில் சின்னக் கொப்புளம். கடிக்கும்போது ஒரு பக்கம் அமுங்கி எழுவது.

கடைசியாகச் சொன்னதை மனதில் வையுங்கள். பாலத்தின் ஒரு பக்கம் மட்டும் கழன்று, மறுபக்கம் இறுக்கமாக இருப்பது மிகவும் ஆபத்து. முழுவதும் கழன்றால் கையில் வந்துவிடும்; உடனே டாக்டரிடம் ஓடுவீர்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டால், "இன்னும் நிக்குதே" என்று இருந்துவிடுவீர்கள். ஒவ்வொரு கடிக்கும் எச்சிலும் இனிப்பும் தொப்பிக்குள் போய்வரும். சில மாதத்தில் உள்ளே பல் மாவாகிவிடும்.

பாலம் கழன்று வந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சில சமயம் அதையே மறுபடி ஒட்டலாம். கடையில் விற்கும் பசையை வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்வது பெரிய தவறு. அது வாய்க்கு உகந்த மருந்து அல்ல; தாங்கு பல்லும் கெட்டு, ஈறும் புண்ணாகும்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் பல் போகிறது என்று சொல்வார்கள். அது சரியல்ல. மசக்கையில் வரும் வாந்தியின் புளிப்பு பல்லை அரிக்கிறது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும், வாய்க் குமட்டலால் துலக்காமல் விடுவதும் சேர்ந்துகொள்கின்றன. வாந்தி எடுத்ததும் உடனே துலக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளியுங்கள். அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும், இரத்தம் கசியும். பாலம் உள்ளவர்கள் இந்த மாதங்களில் நூல் விடுவதை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. பல் சிகிச்சை பிள்ளைக்கு ஆகாது என்று வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமும் போகலாம். கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற மருந்து கொடுப்பார்.

தாயின் வாயில் உள்ள சொத்தைக் கிருமி எச்சில் வழியாகப் பிள்ளைக்கும் போகும். நீங்கள் மென்ற சோற்றை ஊட்டுவதும், ஒரே கரண்டியில் ருசி பார்த்து ஊட்டுவதும் வேண்டாம். உங்கள் வாயைச் சுத்தமாக வைத்தால் பிள்ளையின் பல்லுக்கும் அது காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிலைப் பல். போனால் மறுபடி வராது. பெரியவர்களானதும் பாலம் தேவைப்படுவது பல சமயம் அந்த இடத்தில்தான். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பிள்ளைகளின் பல்லையும் பார்க்கிறது. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதை அலமாரியில் செருகி வைக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

சில கேள்விகள்

"பல் பிடுங்கினால் கண் பார்வை போகுமாமே?" போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்திருப்பதுதான் உடம்புக்குக் கேடு.

"ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கும் என்கிறார்களே?" தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதைப் பிறந்தது முதல் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் பழுப்பேறியது. சிலருக்கு எலும்பும் பாதித்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அது தினமும் விழுங்கியதால் வந்த வினை. துலக்கித் துப்புகிற பசையால் பெரியவர்களுக்கு அப்படி வராது. சின்னப் பிள்ளைகள் விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சந்தையில் ஒரே நாளில், குறைந்த காசுக்குப் பல் வைத்துத் தருகிறார்களே?" வேண்டாம். அழுகிய வேரின் மேலேயே பசையை ஊற்றி, பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டிவிடுவார்கள். அடியில் சுத்தம் செய்ய நூல் நுழையவும் வழி இருக்காது. சட்டப்படி, பதிவு பெற்ற பல் மருத்துவரே பல் வைத்தியம் செய்யலாம்.

"எனக்குச் சர்க்கரை வியாதி, பாலம் தாங்குமா?" சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தாங்கும். கட்டுக்கு மீறினால் ஈறு நோய் முற்றித் தாங்கு பல் ஆடும். சில மாத்திரைகளால் வாய் உலர்ந்தும் போகும்; உலர்ந்த வாயில் சொத்தை சீக்கிரம் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பின்னே எதுக்கு டாக்டரிடம் போகணும்?" ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். விளிம்பில் தொடங்கும் சிறு சொத்தையை அடைத்து நிறுத்திவிடலாம். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து அடியையும் பார்ப்பார்கள். காரை படிந்திருந்தால் எடுத்துவிடுவார்கள். எப்போது, எங்கே பல் மருத்துவர் இருப்பார் என்பதைச் செம்மேட்டு அரசு மருத்துவமனையிலோ, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊருக்கு வரும் செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணுக்கும் போன் பண்ணலாம். வேறு வேலையாக நாமக்கல் போகிற நாளிலேயே பல்லையும் காட்டிவிட்டு வந்தால் தனிச் செலவு இல்லை. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியாமலோ விழுங்க முடியாமலோ போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே! நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிரஷ்ஷையும் கண்ணாடியையும் எடுங்கள். கட்டிய பல்லின் விளிம்பில் இரண்டு நிமிஷம் செலவிடுங்கள். அடுத்த தடவை மருந்துக் கடைப் பக்கம் போகும்போது பாலத்துக்கான நூலைக் கேட்டு வாங்குங்கள். அதை எப்படி விடுவது என்று தெரியாவிட்டால் பல் டாக்டரிடம் எடுத்துப் போய், "ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். சொல்லிக்கொடுப்பது அவர்கள் கடமை. வீட்டில் பாலம் கட்டிய ஆயாவோ தாத்தாவோ இருந்து, கண் சரியாகத் தெரியாமலோ கை நடுங்கியோ இருந்தால், வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்து கொடுங்கள்.

இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.